தோற்க வேண்டிய பட்டிமன்றம்

மேடைப் பேச்சில் பழகியவர்களுக்கு ஒரு நோய் உண்டு. கைதட்டல் காதில் விழுந்துவிட்டால், தாம் சொன்னது உண்மைதான் என்று தாமே நம்பத் தொடங்கிவிடுவார்கள். பிறரை நம்பவைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் பேச்சாளர் எப்படியோ பிழைத்துக்கொள்கிறார். தன்னையும் சேர்த்து நம்பவைத்துக்கொள்பவருக்கோ, என்றாவது ஒருநாள், ஏதாவதொரு கடற்கரையில், மதிப்பிற்குரிய ஒரு மனிதரின் கெண்டைக்காலுக்குப் பதில் சொல்ல வேண்டி வருகிறது.

நான் பதில் சொன்ன கெண்டைக்கால் சாத்தான்குளம் பொன்னுத்துரை சாருடையது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அதைவிட முக்கியமாக, என் அக்காவுக்கு மாமனாராக வரக்கூடும் என்று எங்கள் குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த மனிதர்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மே மாதம். கல்லூரியின் இறுதித் தேர்வை எழுதி முடித்துவிட்டு நான் தூத்துக்குடியில் வீட்டோடு இருந்தேன். எங்கள் வீடு உப்பளங்கள் தொடங்கும் விளிம்பில் இருந்தது. வெயில் தாழ்ந்ததும் உப்பளத்து வரப்பில் போய் நின்று உரத்த குரலில் பேசிப் பழகுவேன். எதிரே உப்புக் குவியல்கள், வெள்ளை வேட்டி கட்டி வரிசையாக அமர்ந்த பெரியோர் சபையைப் போல இருக்கும். அதைவிட மரியாதையான சபை எனக்குப் பிற்காலத்தில் வாய்க்கவே இல்லை. இரும மாட்டார்கள், கைக்கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்கள், பாதியில் எழுந்து போக மாட்டார்கள். காற்று மட்டும் உப்பும் கருவாடும் கலந்து வந்து முகத்தில் அடிக்கும். இன்றும் எங்காவது அந்த வாடை வந்தால், "அவைத் தலைவர் அவர்களே" என்று தொடங்குவதற்காகத் தொண்டை தானாகச் செருமிக்கொள்கிறது.

கல்லூரித் துண்டறிக்கைகளில் என் பெயருக்கு முன்னால் 'சொற்புயல்' என்று அச்சிடுவார்கள். தோளில் முழங்கால்வரை தொங்கும் பச்சைக்கரைத் துண்டு ஒன்று போட்டிருப்பேன். ஒரு வாதத்தை முடிக்கும் இடத்தில் அந்தத் துண்டை எடுத்து, ஓர் உதறு உதறி, மறுதோளில் வீச வேண்டும். அதற்கும் தனியே பயிற்சி எடுத்திருந்தேன். (கண்ணாடி முன்னால். கதவைச் சாத்திக்கொண்டு.)

இந்தப் புயலுக்கு வீட்டில் ஒரே ஒரு வானிலை நிலையம் இருந்தது. அது என் அக்கா கிரேஸ். மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். நான் சாப்பாட்டு வேளையில் சற்றே குரலை உயர்த்தினால் போதும், தட்டிலிருந்து தலையை எடுக்காமலேயே அம்மாவிடம் சொல்வாள்: "எம்மா, ஒண்ணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாவ. வள்ளத்தையெல்லாம் கரையில இழுத்துப் போடச் சொல்லு." துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறுவதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் கேலியின் கூர்மை புரியும்.

அந்த மே மாதம் வீட்டில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினோம். அப்பா இல்லாத வீடு. கூடி வந்த சம்பந்தங்கள் முன்பு ஏதேதோ காரணத்தால் தட்டிப் போயிருந்தன. இப்போது பொன்னுத்துரை சாரின் மகனுக்குக் கேட்டிருந்தார்கள். பெண்ணை முறையாகப் பார்க்க வருவதற்கு முன்னால், சும்மா ஒருமுறை இரு குடும்பமும் சந்தித்துக்கொண்டால் நல்லது என்று எங்கள் சபைப் போதகர் ஏற்பாடு செய்தார். (எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை 'ஐயர்' என்போம். வேறு விதமாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.) ஆண்டுதோறும் கோடையில் சபையார் கடற்கரைக்கு உலாப் போவோம். அந்த உலாவுக்குச் சாரையும் அவர் மகனையும் விருந்தினராக அழைத்தார் ஐயர்.

அதே உலாவில் முந்தைய ஆண்டு ஒரு விபரீதம் நடக்க இருந்தது. வங்கிக் குமாஸ்தா ஒருவர், பிரியாணிக்குப் பின் இடுப்பளவு நீருக்குப் போனார்; அலை இழுத்துச் சென்ற அவரை மீனவர்கள் தலைமுடியைப் பற்றித் தூக்கி வந்து கரையில் போட்டார்கள். ஆகவே ஐயர் என்னை அழைத்தார்.

"தம்பி, இந்த வருஷம் ஆளுக தண்ணியில இறங்குததுக்கு முன்னால, கோடையில கடற்கரையில எப்படிக் கவனமா இருக்கணும்னு நாலு வார்த்தை சொல்லணும். நீரு சொன்னாக் கேப்பாவ."

"ஐயா, அறிவுரை என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். பட்டிமன்றம் வையுங்கள். ஊரே கேட்கும்."

ஐயர் சற்று யோசித்தார். "இறங்கக் கூடாதுன்னு ஒரு பக்கம் பேசுனா, இறங்கலாம்னு இன்னொரு பக்கம் பேசணுமே?"

"அதுதானே ஐயா பட்டிமன்றம்!"

"அது எதுக்கு? அதுதானே நமக்கு வேண்டாம்கோம்?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அன்று இருந்தது. எதிரணி இல்லாத வெற்றி வெற்றியாகாது என்று தொடங்கி, ஐயர் கையெடுத்துக் கும்பிடும்வரை விளக்கினேன். 'கோடையில் கடலில் இறங்குவது நன்மையா, தீமையா?' என்று தலைப்பும் நானே வைத்தேன். தீமை என்ற கட்சிக்கு ஓர் அருமையான உரையும் அன்றிரவே எழுதிவிட்டேன். மறுநாள் ஐயர் சீட்டுக் குலுக்கினார். எனக்கு வந்தது நன்மை.

ஐயரின் முகம் கவலையில் சுருங்கிற்று. என்னைத் தேவாலயத்துப் பின்புறம் வேப்ப மர நிழலுக்கு அழைத்துச் சென்று மெல்லச் சொன்னார்: "தம்பி, நல்லாப் பேசும். ஆனா தோத்துரும்."

"ஐயா?"

"தோத்துரும்கேன். நீரு ஜெயிச்சா ஆளுக தண்ணிக்குள்ள போயிருவாவ. நடுவரு யாரு தெரியுமா? சாத்தான்குளத்து சார்தான். மரியாதையா இருக்கட்டும்னு அவுகளைக் கேட்டிருக்கேன். அழகாப் பேசி அழகாத் தோத்துப்போனா அவுகளுக்கும் பிடிக்கும், எனக்கும் நிம்மதி."

ஒப்புக்கொண்டேன். உண்மையாகவே ஒப்புக்கொண்டேன். தோற்பதையும் கம்பீரமாகச் செய்ய வேண்டும் என்று உப்பளத்தில் போய்ப் பயிற்சியும் எடுத்தேன். உப்புக் குவியல்கள் நெகிழ்ந்து போயின.

உலா நாளன்று வாடகைப் பேருந்தில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். "அவுக முன்னால அடக்கமா இரு, என்னா? அக்காளைப் பத்தி நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லாட்டாலும் பரவாயில்ல. வாயை மட்டும் வளக்காத. ஒன் காலைப் பிடிச்சுக் கேக்கேன்."

"அம்மா, நான் இன்று தோற்கப் போகிறேன்" என்றேன், தியாகியின் குரலில்.

"நல்லாயிருப்ப" என்று அம்மா தலையைத் தடவினார்.

அந்தக் கடற்கரையை இப்போது நினைத்தாலும் கண் கூசுகிறது. ஊருக்குத் தெற்கே, புதுத்துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தொலைவில் குச்சி குச்சியாகத் தெரியும் இடம். தட்டில் ஊற்றிய நீரைப் போலக் கடல் அசையாமல் கிடந்தது. பார்ப்பவர்களை ஏமாற்றுவதற்கென்றே அமைந்த அமைதி அது. நான்கு கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் பிரியாணி அண்டாக்கள், வெங்காயப் பச்சடிக்கு வினிகர் போத்தல், பெரிய டப்பா நிறைய மக்ரூன். மறுபக்கம் ஒரு மேசை, அதன்மேல் பொன்னுத்துரை சார் தம் பழைய பள்ளியிலிருந்து இரவல் வாங்கி வந்திருந்த பித்தளை மணி.

சார் நெடிய உருவம். வெள்ளை வேட்டி, வெள்ளை அரைக்கைச் சட்டை. வீட்டுக்குள்ளும் இலக்கணத் தமிழிலேயே பேசுவார் என்று கேள்வி. சாத்தான்குளத்தைச் சுற்றித் தேரி எனும் செம்மணல் மேடு உண்டே தவிரக் கடல் இல்லை. ஆகவே கடலை அவர், வகுப்புக்கு வந்த புதிய மாணவனைப் பார்ப்பது போலக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகன் பின்வரிசையில் அமர்ந்து வறுத்த கடலையை ஒவ்வொன்றாகத் தோல் நீக்கித் தின்றுகொண்டிருந்தார். அன்று பொழுது சாயும்வரை அவர் பேசியது மிகச் சில சொற்கள். அவற்றில் முக்கியமானவை பின்னால் வருகின்றன.

முதல் சோதனை எதிரணியிலிருந்து வந்தது. 'தீமை' கட்சிக்கு ஜெபராஜ் என்ற இளம் ஆசிரியர் எழுந்தார். "நடுவர் அவர்களே" என்றார். சார் கண்ணாடியைக் கழற்றி, "ஜெபராஜா? எட்டாம் வகுப்பு, ஜன்னலோரப் பெஞ்சு?" என்றார். சாரிடம் பிரம்படி வாங்கிப் படித்தவர் அவர் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஜெபராஜின் வலது கை தானாக நீண்டது, உள்ளங்கை மேல்நோக்கியபடி. பிறகு அவர் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தும் எழவில்லை.

"அந்தக் கட்சிக்குப் பேச வேறு எவரும் இலரா?" என்று சார் அவையைப் பார்த்தார்.

  அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து என் அக்கா எழுந்தாள். அம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அக்கா மெல்ல விடுவித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எனக்குப் பேசத் தெரியாது. பாத்ததைச் சொல்லுதேன். மே மாசம் எங்க ஆஸ்பத்திரிக்குக் கடற்கரையிலருந்து ஆளு வந்துகிட்டே இருக்கும். வெயில்ல மயங்கினவங்க, சிப்பி வெட்டினவங்க, திருக்கை முள்ளு குத்தினவங்க. காத்து கரையைப் பாக்க அடிச்சாச் சொறிமீன் ஒதுங்கும். கண்ணாடிக் குடை மாதிரி இருக்கும், தண்ணிக்குள்ள கண்ணுக்கே தெரியாது, பட்டா நெருப்பு வச்ச மாதிரி எரியும். இன்னைக்குக் காத்து கரையைப் பாத்துதான் அடிக்கி. நீந்தத் தெரியாதவங்க முழங்காலுக்கு மேல போக வேண்டாம். தனியாப் போக வேண்டாம். யாராவது ஒருத்தர் கரையில நின்னு பாத்துக்கிட்டே இருக்கணும். அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டாள். முதல் மணிகூட அடிக்கவில்லை. முதல் மணிக்கு முன்பே உட்கார்ந்த பேச்சாளரை நான் அதுவரை கண்டதில்லை. நேரம் மிச்சமிருக்க உட்கார்வதா! எனக்கு அது உணவை வீணாக்குவது போலப் பட்டது.

நான் எழுந்தேன். தோற்கத்தான் எழுந்தேன். முதல் சில வாக்கியங்களில் என் கட்சியின் வலுவின்மையை நானே நாசூக்காகக் காட்டினேன். ஐயர் மலர்ந்து தலையசைத்தார். அடுத்து, வெறும் அலங்காரத்துக்காக ஒரு வாக்கியம்: "முத்தெடுத்த கடற்கரை இது! ஆழ்கடலில் மூச்சடக்கியவர்களின் மண்ணில் நின்றுகொண்டு, முழங்கால் நீருக்கா அஞ்சுகிறீர்கள்?"

எதிரே இருந்தவர்கள் கடல் எட்டாத ஊர்களான நாசரேத்திலும் சாத்தான்குளத்திலும் வேர்விட்ட கணக்கு வாத்தியார்கள். எங்கள் பரம்பரையில் எவரும் கிணற்றைவிட ஆழமான எதையும் எட்டிப் பார்த்ததில்லை. இருந்தும் எல்லோருக்கும் உடம்பு சிலிர்த்துவிட்டது. கைதட்டல் எழுந்தது.

அந்தக் கைதட்டல் என் உள்ளங்கால் வழியாக ஏறியது. அதன்பிறகு பேசியவன் நானல்ல. துண்டறிக்கையில் அச்சான ஆள்.

"நெருப்பு சுடும், அதற்காக அடுப்பு மூட்டாமல் இருக்கிறோமா? வெயில் எரிக்கும், அதற்காக உப்பு விளையாமல் இருக்கிறதா? எதிரணித் தலைவி அச்சத்தைப் போதித்தார். அவருடைய அச்சம் எத்தகையது என்பதை ஒரே வீட்டில் வாழ்பவன் என்ற முறையில் அவைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன். பல்லியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறி நிற்பவர் அவர்!"

சிரிப்பு. கைதட்டல். அம்மா கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். உணர்ச்சிவயப்பட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"கடல்நீர் உப்பென்று அஞ்சுகிறீர்களா? நடுவர் அவர்களே, எங்கள் எதிரணித் தலைவி வைக்கும் ரசத்தை ஒருமுறை அருந்திப் பாருங்கள். அதைவிடக் கடலில் உப்புக் குறைவு!"

துண்டை உதறினேன். மறுதோளில் வீசினேன். தார்ப்பாய் கிழியும்படி கைதட்டினார்கள். ஐயரும் அம்மாவும் அக்காவும் கைதட்டவில்லை. பின்வரிசையில் கடலை உரித்துக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது.

பொன்னுத்துரை சார் தீர்ப்புக்கு எழுந்தார். நேர்மையே உருவான மனிதர் அவர். தேர்வுத் தாளில் தமக்குப் பிடிக்காத விடையானாலும் சரியாக எழுதியிருந்தால் மதிப்பெண் கொடுக்கிறவர். "சொன்ன பொருள் எதுவாயினும், சொன்ன திறத்தை நோக்குங்கால்" என்று தொடங்கி, நன்மையே என்று முடித்தார்.

அதோடு அவர் அமர்ந்திருக்கலாம். அமரவில்லை. "தீர்ப்பு வழங்கியவன் கரையில் நிற்பது முறையன்று" என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டினார். மணி பள்ளியின் உடைமையாகையால் மணலில் விட்டுச்செல்ல மனமின்றிக் கையிலேயே எடுத்துக்கொண்டார். கடலை நோக்கி நடந்தார். ஆசிரியர்கள் கால்சட்டையைச் சுருட்டினார்கள். பெண்கள் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். முந்தைய ஆண்டு மூழ்கவிருந்த குமாஸ்தாவும் போனார். (அவர்தான் எல்லோருக்கும் முன்னால்.) ஐயர் கைகளை விரித்து, "முழங்கால் மட்டும்! முழங்கால் மட்டும்!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்.

நான் இறங்கவில்லை. எனக்கு நீந்தத் தெரியாது. மேலும், கடலின் நன்மைகளை எடுத்துரைப்பது பேச்சாளன் கடமை. அனுபவிப்பது அவையோர் கடமை. கரையில் நின்று, இறங்காமல் தங்கிவிட்ட சாரின் மகனிடம், எந்த இடத்தில் அவை என் வசமானது என்பதை விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் எனக்கும் கொஞ்சம் கடலை கொடுத்தார்.

அப்போது மணி அடித்தது.

பேச்சாளனின் உடம்பு மணிக்குப் பழகியது. வாக்கியத்தின் நடுவிலேயே நான் நிறுத்திவிட்டேன். பிறகுதான் மணியோசை கடலுக்குள்ளிருந்து வருவதும், அது நிற்காமல் அடித்துக்கொண்டே இருப்பதும் உறைத்தது. முழங்கால் நீரில் பொன்னுத்துரை சார் ஒற்றைக் காலில் துள்ளிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துள்ளலுக்கும் கையிலிருந்த மணி கணகணவென்றது. வாழ்நாள் முழுவதும் கட்டிக் காத்த இலக்கணத் தமிழ் அந்த நொடியில் அவரை விட்டுப் போயிற்று.

"ஏ ஆத்தா! கடிச்சிட்டுலே! என்னமோ கடிச்சிட்டு! எரியுதே! ஏலே எவம்லே இறங்கலாம்னு சொன்னவன்?"

கடலைப் பொட்டலம் மணலில் விழுந்தது. மகன் பாய்ந்து ஓடி, தந்தையை முதுகில் சுமந்து வந்தார். மற்றவர்கள் அலறிக்கொண்டு கரையேறினார்கள். இன்னும் சிலருக்கும் அங்கங்கே லேசாகப் பட்டிருந்தது. சாரின் கெண்டைக்காலில் சாட்டையால் அடித்தது போலச் சிவந்த வரிகள், அவற்றின்மேல் கண்ணாடி நூல் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் மணலை அள்ளித் தேய்க்கப் போனார். இன்னொருவர் குடிதண்ணீர்க் குடத்தைச் சாய்த்தார். நான் சூழ்நிலைக்கேற்ற ஆறுதலுரை ஒன்றை மனத்துக்குள் தொடங்கியிருந்தேன்.

"மணலைத் தொடாதீங்க! நல்ல தண்ணி ஊத்தாதீங்க, எரிச்சல் இன்னும் கூடும்!" கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்து மணலில் மண்டியிட்டாள். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த குரல். "கடல் தண்ணி கொண்டாங்க. அந்தப் பச்சடி வினிகரையும் எடுங்க. ஏலே, ஒன் துண்டைக் குடு!"

"எந்தத் துண்டு?" என்றேன்.

"தோள்ல கெடக்கே, அது! வெறுங்கையால இதைத் தொடக் கூடாது. குடுலே!"

பச்சைக்கரைத் துண்டு பறிபோயிற்று. கையில் அதைச் சுற்றிக்கொண்டு, காலில் ஒட்டியிருந்த நூல்களை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தாள். கடல்நீரால் கழுவினாள். வினிகரை ஊற்றினாள். சார் அவள் தோளைப் பற்றிக்கொண்டு, "எம்மா, எரியுதேம்மா" என்று குழந்தையைப் போல அரற்ற, அவளும் குழந்தையிடம் பேசுவது போல, "இன்னும் செத்த நேரம்தான் மாமா, பொறுத்துக்கிடுங்க" என்றாள். 'மாமா' என்ற சொல் அவளை அறியாமல் வந்துவிட்டது. அம்மாவும் ஐயரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துண்டை மணலில் எறிந்துவிட்டு அக்கா நாடி பார்க்கத் தொடங்கினாள்.

சாரின் மகன் முகம் இறுகி நின்றிருந்தார்.  அக்காவுக்கு வந்த இந்தச் சம்பந்தமும் போயிற்று, போக்கியவன் நான் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.  மன்னிப்புக் கேட்க வேண்டும். முறைப்படி கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். முன்னால் சென்று நின்றேன். மணலில் கிடந்த துண்டை எடுத்தேன். வெறுந்தோளோடு மன்னிப்புக் கேட்பது எப்படி? "மதிப்பிற்குரிய ஐயா, அடியேனின்..." என்று சொல்லி, துண்டை ஓர் உதறு உதறி, கழுத்தைச் சுற்றித் தோளில் வீசினேன்.

அந்தத் துண்டில் என்ன ஒட்டியிருந்தது என்பதை உலகில் மறந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

கழுத்தைச் சுற்றி நெருப்பு ஓடியது. என் உரையின் எஞ்சிய பகுதி ஒரே எழுத்தாக, மிக நீண்ட நெடிலாக, கடற்கரை முழுதும் ஒலித்தது. துண்டைப் பிய்த்தெறிந்துவிட்டு, சார் துள்ளிய அதே பாணியில், சற்றுக் கூடுதல் உயரத்தில் நானும் துள்ளினேன்.

முதலில் சிரித்தவர் பொன்னுத்துரை சார். வலியில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்த முகத்தோடு, தரையில் மல்லாந்து கிடந்தபடி, வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏ, அவனுக்கும் ஊத்துங்க! சொற்புயலுக்கும் ஊத்துங்க!" சுற்றியிருந்தவர்கள் அதுவரை அடக்கியிருந்ததெல்லாம் வெடித்தது. அம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். (பெற்ற தாய்!)

சிரிப்பு அடங்கியதும் சார் மணியைக் கேட்டு வாங்கி, படுத்தபடியே அடித்தார்.

"அவையோர் கவனிக்க. முன்பு கூறிய தீர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன். வென்றது..." அதற்குமேல் இலக்கணம் ஒத்துழைக்கவில்லை. "இந்தப் பிள்ள சொன்னதுதான் சரி. காத்து எந்தப் பக்கம் அடிக்கின்னு பாத்துச் சொன்னாளே, நான் கேட்டனா? இனிமே எங்க வீட்டுல இவ சொல்லுததுதான் தீர்ப்பு. ஏய்யா, ஒனக்குச் சம்மதம்தானே?"

கடைசிக் கேள்வி மகனுக்கு. அவர் தலையசைத்தார். பிறகு, அக்கா என் கழுத்தில் வினிகர் ஊற்றிக்கொண்டிருக்கையில், அருகில் வந்து குனிந்து என் காதில் கேட்டார்:

"அந்த ரசம்... நெசமாவா?"

"இல்ல அத்தான். பேச்சுக்குச் சொன்னேன்."

"பேச்சுக்கா" என்றார் அவர். தம் தந்தையின் காலை ஒருமுறை பார்த்தார்.  அன்று பிரியாணிக்கு வினிகர் இல்லாத வெங்காயப் பச்சடிதான்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. வரவேற்பில் வாழ்த்துரை வழங்குவோர் வரிசையில் என் பெயரைத் தேடினேன், இல்லை. பொன்னுத்துரை சார் என்னைத் தனியே அழைத்துத் தோளில் கைபோட்டார். "தம்பி, நீ ரொம்ப நல்லாப் பேசுத. அதனாலதான் சொல்லுதேன். பேசாத." பந்தியில் தண்ணீர் ஊற்றும் பணி எனக்குத் தரப்பட்டது. கழுத்துத் தழும்பை மறைக்கச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஊற்றினேன்.

மறுவீட்டுக்குச் சாத்தான்குளம் போயிருந்தபோது, அக்கா சமைத்த முதல் சாப்பாடு. ரசத்தை ஒரு வாய் குடித்ததும் சார் டம்ளரைக் கீழே வைத்து, என்னை வெகுநேரம் பார்த்தார். "அன்னைக்கு நீ சொன்னதுல ஒண்ணே ஒண்ணு நெசம்ப்பா" என்றார். அதன்பின் தம் கடைசிக் காலம்வரை, அந்த ரசத்தில்தான் அவர் சோறு பிசைந்தார். வேறெங்கும் சாப்பிட நேர்ந்தால், உப்புப் பற்றவில்லை என்பார்.

கடல்நீர் பட்டு மங்கிய மணியைப் பள்ளிக்குத் திருப்பித் தர அவருக்கு மனம் ஒப்பவில்லை. புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் பழையதைத் தாமே வைத்துக்கொண்டார். இப்போது அது அக்கா வீட்டில் இருக்கிறது. ஆண்டுதோறும் மே மாதத்தில் நாங்கள் எல்லோரும் அதே கடற்கரைக்குப் போகிறோம். தார்ப்பாய்க்குப் பதில் வண்ணக் குடைகள் வந்துவிட்டன; மக்ரூன் டப்பா மட்டும் மாறவில்லை. போய்ச் சேர்ந்ததும் அத்தான் கடலைப் பொட்டலத்தோடு என் பக்கம் திரும்புவார்.

"மாப்ள, இன்னைக்கு எந்தக் கட்சி?"

நான் எந்தக் கட்சியைச் சொன்னாலும் எல்லோரும் அக்காவைத்தான் பார்ப்பார்கள். அவள் காற்றைப் பார்ப்பாள். நீரின் விளிம்பில் சற்று நடந்து ஏதும் ஒதுங்கியிருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "முழங்கால் மட்டும்" என்பாள். கரையில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அன்று அவள் சொன்னாளே, அந்த ஒருவர் நிரந்தரமாக நான்தான். கையில் மணியைக் கொடுத்துவிடுவார்கள். ஆபத்தென்றால் அடிக்க வேண்டும். பேசக் கூடாது.

இத்தனை ஆண்டுகளில் ஒருமுறை அடித்திருக்கிறேன். சென்ற கோடையில், அக்காவின் இளைய பேரன் கொஞ்சம் ஆழத்துக்குப் போவது போலத் தெரிந்தது. அடித்தேன். மறுநொடி அனைவரும் பதறிக் கரையேறி, மூச்சிரைக்க என் எதிரே வரிசையாக வந்து நின்றார்கள். எத்தனை முகங்கள்! எவ்வளவு கவனம்! எவரும் இருமவில்லை, எவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. காற்றில் உப்பும் கருவாடும் கலந்து வந்தது. என்னையறியாமல் என் தொண்டை செருமிக்கொண்டது.

"எம்மாடி, பத்தாம் நம்பர் கூண்டு!" என்றாள் அக்கா.

அவ்வளவுதான். அத்தனை பேரும் திரும்பிக் கடலுக்குள்ளேயே ஓடிவிட்டார்கள்.